ஸ்டிம்ஃபாலோஸ்: குன்றின் மேல் இருப்பது யாருடைய கோயில்?

கரைநடை:

கொரிந்து பற்றிய இழையில் ஸ்டிம்ஃபாலோஸ் பேச்சு வந்து, கிரேக்கப் புராண வீரன் ஹெராக்ளிஸ் பறவைகளை விரட்டிய கதையோடு நின்றுபோனது. அந்த ஏரிக்கரையில் ஒரு முழு நகரமே புதைந்து கிடக்கிறது. அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதனால்தான் இந்தத் தனி இழை.

முதலில் இடம். கிரேக்கத்தின் தென்பகுதியான பெலொப்பொனேசின் வடகிழக்கு மூலை. பழைய கணக்கில் ஆர்க்கேடியா, இன்றைய நிர்வாகக் கணக்கில் கொரிந்தியா. கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரம். வடக்கே கில்லினி மலை 2,300 மீட்டரைத் தாண்டி நிற்கிறது. எல்லாப் பக்கமும் மலை அடைத்த சமவெளி, நடுவில் ஏரி. வடகரையில் நீளமான ஒரு பாறைக்குன்று ஏரியை நோக்கி இறங்குகிறது. அந்தக் குன்றையும் அதன் அடிவாரத்தையும் சேர்த்து மதில் வளைத்த ஊர்தான் ஸ்டிம்ஃபாலோஸ்.

1924 முதல் 1930 வரை ஏதென்ஸ் தொல்லியல் கழகத்துக்காக அனஸ்தாசியோஸ் ஓர்லாந்தோஸ் இங்கே தோண்டினார். 1982இல் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஹெக்டர் வில்லியம்ஸ் குழு அளவாய்வு தொடங்கியது. 90களில் அகழாய்வும் நடந்தது. மண்ணைத் தோண்டாமலே மின்தடை, காந்தப்புல அளவீடுகள் எடுத்துப் பார்த்தபோது ஊரின் வரைபடமே வெளிவந்துவிட்டது. வடக்கு தெற்காக ஏறத்தாழ 6 மீட்டர் அகலத் தெருக்கள், அவற்றுக்கிடையே சுமார் 30 மீட்டர் அகல வீட்டுத் தொகுதிகள். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் ஒரே மூச்சில் திட்டமிட்டு எழுப்பிய நகரம்.

இப்போது என் வழக்கு. குன்றின் மேலே ஒரு சிறு கோயிலின் அடித்தளம் இருக்கிறது. முந்தைய இழையில் இரண்டு பேர் அதைப் பயணநூல் எழுதிய பௌசானியாஸ் பார்த்த, வேட்டைத் தெய்வம் ஆர்ட்டெமிசின் கோயில் என்று எழுதினார்கள். அது நடக்காத காரியம். குன்றின் மேல் உள்ள கோயில் கி.மு. 2ஆம் நூற்றாண்டின் நடுவில், கொரிந்தை ரோமானியர் அழித்த கி.மு. 146ஐ ஒட்டி, அழிந்துபோனது. பௌசானியாஸ் வந்தது கி.பி. 2ஆம் நூற்றாண்டில். இடையில் முந்நூறு ஆண்டு. இடிந்து மண் மூடிய கோயிலின் கூரையடியில் அவர் எப்படிப் பறவைச் சிற்பம் பார்த்திருப்பார்?

ஏட்டுச்சுவடி:

முழுக்க ஒப்புக்கொள்கிறேன். பௌசானியாஸ் சொன்னதைப் படிக்காதவர்களுக்காக இங்கே வைக்கிறேன், எட்டாம் நூலின் 22ஆம் பிரிவு. ஸ்டிம்ஃபாலோசில் ஆர்ட்டெமிஸ் ஸ்டிம்ஃபாலியாவுக்குப் பழைய கோயில் உண்டு. சிலை மரத்தால் ஆனது, பெரும்பகுதிக்குப் பொன்முலாம். கூரையடியில் ஸ்டிம்ஃபாலோஸ் பறவைகளின் உருவங்கள். அவை மரமா சுதையா என்று சரியாகத் தெரியவில்லை, மரம் போலத்தான் பட்டது என்கிறார். கோயிலுக்குப் பின்னால் வெள்ளைப் பளிங்கில் கன்னியர் சிலைகள். அவர்களுக்குக் கால் மட்டும் பறவைக் கால்.

"மரமா சுதையா" என்று தயங்குகிறாரே, கழுத்தை நிமிர்த்திப் பார்த்த மனிதரின் எழுத்து அது. கேள்விப்பட்டு எழுதியவருக்கு அந்தத் தயக்கம் வராது. ஆகவே அப்படி ஒரு கோயில் அவர் காலத்தில் நின்றது என்பதில் எனக்கு ஐயமில்லை. எங்கே என்பதுதான் கேள்வி.

செவ்வந்தி:

மேலே இருப்பது ஆர்ட்டெமிஸ் இல்லை என்றால் யார்? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே, கரைநடை.

கரைநடை:

சொல்கிறேன். ஓர்லாந்தோஸ் காலத்திலேயே அங்கே ஒரு கல்லில் "போலியாடோஸ்" என்று வெட்டியிருந்தது கிடைத்தது. நகரைக் காப்பவளுக்குரியது என்று பொருள். கிரேக்க ஊர்களில் அந்தப் பட்டம் பெரும்பாலும் அதீனாவுக்கு. அதனால் அதீனா போலியாஸ் கோயில் என்று வழங்கிவருகிறது. 2014இல் டொராண்டோ பல்கலைக்கழகப் பதிப்பகம் இந்தக் கோயில் வளாகத்துக்கென்றே ஒரு பெரிய அறிக்கைத் தொகுதி வெளியிட்டது.

ஆனால் மண்ணிலிருந்து வந்த பொருள்களைப் பார்த்தால் அதீனா என்று அடித்துச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. குவியல் குவியலாக நகை. பெரும்பாலும் வெண்கலம்: மோதிரம், காதணி, பதக்கம், மணிகள். சுடுமண் உருவங்கள். ஒரு குழந்தையின் பளிங்குச் சிலை, உடைந்த நிலையில். பழைய பாணியில் ஆடை உடுத்திய கன்னிச் சிலை ஒன்றின் துண்டுகள். கோயிலை ஒட்டிய பணிக்கட்டடத்தில் தறிக்கல்கள். போர்த்தெய்வத்தின் வாசலில் குழந்தைச் சிலைக்கு என்ன வேலை?

நான் அங்கே போனபோது மோதிரத்தையும் சிலையையும் எதிர்பார்க்கவில்லை, அவை எல்லாம் அருங்காட்சியகக் கிடங்குக்குப் போய் வெகுகாலம் ஆகிறது. பார்க்கக் கிடைப்பது முழங்கால் உயரத்துக்கும் குறைவான சுண்ணாம்புக்கல் வரிசைகள். ஒரு சிறு முன்மண்டபம், அதன் பின்னால் கருவறை, கிழக்கே பலிபீடம். நாலு எட்டில் நடந்து முடிக்கலாம் என்ற அளவு. கல் இடுக்கெல்லாம் முட்செடி. அங்கே நின்று தெற்கே பார்த்தால் ஏரி தெரியாது, நாணல்தான் தெரியும்.

செவ்வந்தி:

போர்த்தெய்வம் என்று அதீனாவைச் சுருக்கிவிட்டீர்கள். நெசவுக்கு அதிதேவதை அவள்தானே? தறிக்கல் அவளுக்குப் பொருத்தமான காணிக்கை. நகை எந்தப் பெண் தெய்வத்துக்கும் வரும். குழந்தைச் சிலை மட்டுமே இடிக்கிறது, அதற்கு நீங்கள் பிள்ளைப்பேற்றுத் தெய்வமான எலெய்துயாவைத் தேடுவீர்கள் என்று நினைக்கிறேன்.

ஆனால் ஒரு சின்ன ஊர்க் கோயிலில் கும்பிடுகிறவர்கள் இலாகா பிரித்துக் கும்பிடுவார்களா? நகரைக் காப்பவள் நகரின் பிள்ளைகளையும் காப்பாள் என்று தாய்மார்கள் நினைத்திருந்தால் போயிற்று. பிள்ளை பிழைத்தது, சிலை வைத்தார்கள். வாசலில் எழுதிய பெயர் என்னவாக இருந்தால் என்ன?

ஓட்டைக்காசு:

செவ்வந்தி அக்கா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் ஊரார் தங்கள் ஊருக்கு யாரை முகமாக வைத்தார்கள் என்று தெரிய வேண்டுமானால் காசைப் பாருங்கள். கி.மு. 4ஆம் நூற்றாண்டின் நடுவில் ஸ்டிம்ஃபாலோஸ் ஸ்டேட்டர் என்ற வெள்ளிக்காசை வெளியிட்டது. முன்பக்கம் இலைமாலை சூடிய ஆர்ட்டெமிஸ் தலை. பின்பக்கம் கதாயுதத்தை ஓங்கிய ஹெராக்ளிஸ், ஊரார் பெயரோடு. மிக அரிதான காசு. அச்சு நேர்த்தியில் பெரிய நகரங்களின் காசுக்கு இளைத்ததல்ல. அதீனா குன்றின் மேல் இருக்கட்டும், காசில் ஏறியவள் ஆர்ட்டெமிஸ்தான்.

அந்தக் காசு வெளிவந்த காலமும் கட்டம்போட்ட புது நகரம் எழுந்த காலமும் ஏறத்தாழ ஒன்று என்பதையும் கவனிக்கவும்.

ஏட்டுச்சுவடி:

புது நகரம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இப்போது இருக்கும் ஊர் பழைய இடத்தில் இல்லை என்று பௌசானியாசே சொல்கிறார். பழைய ஸ்டிம்ஃபாலோசில் பெலாஸ்கோசின் மகன் டெமெனோஸ் ஹீராவை வளர்த்தான், அவளுக்கு மூன்று கோயில் எடுத்தான் என்று கதை: சிறுமி ஹீரா, மணமான ஹீரா, கைம்பெண் ஹீரா. கணவன் சீயஸோடு பிணங்கித் திரும்பி வந்தபோது கைம்பெண் என்ற பெயராம்! அதைவிடப் பழைய சான்றும் உண்டு. ஹோமரின் இலியத்தில் வரும் கப்பல் பட்டியலில் இந்த ஊர் வருகிறது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் புலவர் பிண்டார், சிரகூசைச் சேர்ந்த ஹாகெசியாசைப் பாடும்போது அவனுடைய தாய்வழி ஊர் இது என்று போற்றுகிறார்.

ஆக கட்டம்போட்ட நகரத்துக்கு முன்பே ஒரு ஊர் வேறெங்கோ இருந்தது. கரைநடை சொன்ன பழைய பாணிக் கன்னிச் சிலை அங்கிருந்து குடிபெயர்ந்து வந்ததாக இருக்கலாம் என்பது என் ஊகம். ஊரை மாற்றுகிறவர்கள் தெய்வத்தை விட்டுவிட்டுப் போகமாட்டார்கள்.

மதகடி:

நான் நீர்ப்பாசனத் துறையில் இருந்து ஓய்வுபெற்றவன். கோயில் யாருடையது என்று நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். இந்த ஊரைப் பற்றிப் பேசிவிட்டு இத்தனை பதிவில் ஒருவர்கூட தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்கவில்லை!

நாலாபுறமும் மலை. ஆறு வெளியேற வாய்க்கால் கிடையாது. சுற்றிலும் சுண்ணாம்புப் பாறை. மழைநீரும் கில்லினி மலையின் பனி உருகிய நீரும் உள்ளே வருகின்றன. வெளியே போக ஒரே வழி, தென்கரையில் மலையடிவாரத்தில் பாறையில் உள்ள ஓட்டை. கிரேக்கர் அதைக் கட்டவோத்ரா என்கிறார்கள். வீட்டில் கைகழுவும் தொட்டியின் அடியில் இருக்கும் துளையைப் போல வைத்துக்கொள்ளுங்கள். துளை திறந்திருந்தால் சமவெளி வயல். அடைத்துக்கொண்டால் சமவெளி ஏரி. இந்த ஊரின் விதி மதிலிலும் இல்லை, கோயிலிலும் இல்லை, அந்தத் துளையில்தான்.

உள்ளே போன நீர் எங்கே வெளிவருகிறது என்பதைப் பழைய வரலாற்றாசிரியர் ஹெரடோட்டசே எழுதிவிட்டார்: ஆர்கோஸ் பக்கம் எரசினோஸ் என்ற ஆறாக. இன்றைய கெஃபலாரி ஊற்றுதான் அந்த இடம். இடையில் மலைகள்.

ஏட்டுச்சுவடி:

மதகடி ஐயா வந்தது நல்லதாயிற்று. பழைய புவியியல் நூலாசிரியர் ஸ்ட்ராபோ ஒரு செய்தி தருகிறார். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் ஏதெனியத் தளபதி இஃபிகிராட்டிஸ் இந்த ஊரை முற்றுகையிட்டான். ஊர் விழவில்லை. உடனே ஏராளமான கடற்பஞ்சுகளைக் கொண்டுவரச் செய்து அந்தத் துளையை அடைக்கப் பார்த்தானாம். வானத்தில் சகுனம் கண்டு கைவிட்டான் என்கிறார். கடற்பஞ்சால் அடைக்க முடியுமா ஐயா?

மதகடி:

கடற்பஞ்சு மட்டும் போதாது. நீரின் இழுப்பு அதை உள்ளே கொண்டுபோய்விடும். ஆனால் முதலில் கட்டையும் கல்லும் போட்டுச் சல்லடைபோல் ஒரு தடுப்பு ஏற்படுத்தி, அதன்மேல் பஞ்சைத் திணித்து, களிமண் கொட்டினால்? நனைந்த பஞ்சு உப்பி இடுக்கெல்லாம் நிறைக்கும். உடைந்த கரையை நாங்கள் அடைப்பதும் அதே முறைதான். வைக்கோலும் தழையும் உள்ளே, மண் மேலே. அந்தத் தளபதிக்கு வேலை தெரிந்த ஆள் ஒருவன் பக்கத்தில் இருந்திருக்கிறான்.

ஆனால் நீர் உயரப் பல வாரம் ஆகும். முற்றுகைக்காரனுக்கு அவ்வளவு பொறுமை இருந்ததா என்பதுதான் என் ஐயம். சகுனம் என்பது படை கிளம்பிவிட்டது என்பதற்கு மரியாதையான பெயராக இருக்கலாம்.

கரைநடை:

நீர் உயர்ந்திருந்தால் ஊரார் நனைவது மட்டுமில்லை. ஸ்டிம்ஃபாலோஸ் மதிலின் அடிப்பகுதிதான் கல். மேலே பச்சை மண் செங்கல். பக்கத்து மாண்டினேயாவில் கி.மு. 385இல் ஸ்பார்ட்டா மன்னன் அகேசிபோலிஸ் செய்ததை நினைத்துப் பாருங்கள். ஊருக்குள் ஓடிய ஓஃபிஸ் ஆற்றை அணைபோட்டுத் தேக்கினான். தண்ணீர் அடிக்கல்லைத் தாண்டி மண் செங்கல்லைத் தொட்டது. கீழ் வரிசை கரைந்து மேல் வரிசை சரிந்தது. ஊர் சரணடைந்தது. மதிலை இடித்து ஊரையே நாலைந்து கிராமமாகக் கலைத்துவிட்டான். இஃபிகிராட்டிஸ் மனத்தில் அந்த வித்தைதான் இருந்திருக்கும், முற்றுகை அதற்குப் பிந்தியதாக இருந்தால்.

செவ்வந்தி:

மறுபடி போருக்கே போய்விட்டீர்கள். இந்த ஊர்க்காரர்கள் போரில்லாமல் ஏதாவது செய்ததுண்டா?

ஏட்டுச்சுவடி:

உண்டு. எனக்கு இந்த ஊர் பிடித்துப்போனதே அதனால்தான். கி.மு. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபோக்கிஸ் நாட்டு எலட்டேயா ஊர்மக்கள் சொந்த ஊரைவிட்டுத் துரத்தப்பட்டார்கள். எங்கே போனார்கள் தெரியுமா? ஸ்டிம்ஃபாலோசுக்கு. கதைப்படி ஸ்டிம்ஃபாலோஸ் என்பவன் எலட்டோசின் மகன். எலட்டேயாவை நிறுவியவன் அதே எலட்டோஸ். பங்காளி முறை! அந்த உறவை நம்பி வந்தவர்களை ஊரார் வீடு வீடாக ஏற்றுக்கொண்டார்கள். பொதுக் களஞ்சியத்திலிருந்து தானியம் அளந்தார்கள். பூசையில் பங்கு கொடுத்தார்கள். உழ நிலம் பிரித்துக் கொடுத்துப் பத்து ஆண்டுக்கு வரி இல்லை என்றார்கள். பிறகு பெலொப்பொனேஸ் ஊர்களின் கூட்டணியான அகாயக் கூட்டமைப்பு ரோமத் தளபதி மானியுஸ் அசீலியுசிடம் பேசி அவர்களைச் சொந்த ஊருக்குத் திரும்ப வைத்தது. ஊர் திரும்பிய எலட்டேயர்கள் இத்தனையையும் நன்றியோடு கல்லில் வெட்டினார்கள். அந்தக் கல் ஸ்டிம்ஃபாலோசில் கிடைத்தது.

அதற்கு ஐம்பது ஆண்டுக்குள் குன்றின் மேல் கோயில் எரிந்து இடிந்துபோனது.

ஓட்டைக்காசு:

போர் வேண்டாம் என்பதால் ஓர் ஓட்டக்காரனைச் சேர்க்கிறேன். ஸ்டிம்ஃபாலோஸ் ஊர் திரோமெயுஸ் ஒலிம்பியாவில் நெடுந்தொலைவு ஓட்டத்தில் இருமுறை வென்றவன். பயிற்சிக் காலத்தில் இறைச்சி தின்னும் பழக்கத்தைத் தொடங்கிவைத்தவனே இவன்தான் என்கிறார் பௌசானியாஸ். அதுவரை விளையாட்டு வீரர்களுக்குக் கூடையில் வடித்த புதுப் பாலாடைக்கட்டிதான் உணவாம்.

கரைநடை:

அருமை. ஆனால் இழை திசை மாறுகிறது. ஆர்ட்டெமிஸ் எங்கே?

இருக்கும் இடிபாடுகளை வரிசையாகப் பார்ப்போம். குன்றின் தென்சரிவில் பாறையில் வெட்டிய அரங்கம், மேடைக் கட்டடத்தோடு. அடிவாரத்தில் ஊற்று மண்டபம். ஏரியோரம் ஓர்லாந்தோஸ் தோண்டிய கட்டடங்கள். உடற்பயிற்சிக் கூடம் என்று அவர் கருதியது ஒன்று. கிழக்கே, ஃப்லியுஸ் ஊருக்குப் போகும் வாசல். அதற்கும் அப்பால், ஊருக்கு வெளியே, சாலையோரத்தில் ஸரக்கா மடம். 13ஆம் நூற்றாண்டில் சிலுவைப் போருக்குப் பின் வந்த சிஸ்டர்சியம் என்ற கிறித்தவப் பிரிவுத் துறவிகள் கட்டியது. அரை நூற்றாண்டுக்குள் கைவிட்டுவிட்டார்கள். அந்த மடம் முழுக்கப் பழைய நகரத்துக் கல். தூண் உருளைகள், வெட்டுக்கற்கள் சுவரில் அப்படியே தெரிகின்றன.

என் கட்சி இதுதான்: இவ்வளவு நல்ல வெட்டுக்கல் துறவிகளுக்கு எளிதில் கிடைத்தது என்றால், அருகில் ஒரு பெரிய கோயில் அப்போதும் அரைகுறையாக நின்றிருக்க வேண்டும். ஆர்ட்டெமிஸ் கோயில் மடத்துச் சுவரில்தான் இருக்கிறது.

ஏட்டுச்சுவடி:

கல் ஒரு கோயிலிலிருந்து வந்ததா, வாசலிலிருந்தா, ஊற்று மண்டபத்திலிருந்தா என்று எப்படிச் சொல்வீர்கள்? வண்டியில் ஏற்றிய கல்லுக்கு ஊர்ப்பெயர் ஏது? பறவைக்கால் கன்னி ஒருத்தி அந்தச் சுவரில் கிடைக்கட்டும், உங்கள் பக்கம் வந்துவிடுகிறேன்.

ஓட்டைக்காசு:

பறவைகளைப் பற்றிக் கேட்க நினைத்தேன். அவற்றை ஹெராக்ளிஸ் கொன்றானா, விரட்டினானா?

ஏட்டுச்சுவடி:

இரண்டு கதையும் உண்டு. வெண்கலத் தாளம் தட்டி எழுப்பிவிட்டு அம்பெய்தான் என்பது பலர் அறிந்தது. கொல்லவில்லை, தாள ஒலியால் துரத்திவிட்டான் என்று கமீரோஸ் ஊர்ப் புலவர் பெய்சாண்டர் பாடியதாகப் பௌசானியாஸ் குறிக்கிறார். கொக்களவு இருக்கும், உருவம் ஐபிஸ் என்னும் அரிவாள்மூக்கன் போல, அலகு மட்டும் வலுவானது, அரேபியப் பாலையிலும் இதே பெயரில் பறவை உண்டு என்றும் எழுதுகிறார். புராணப் பறவைக்குப் பறவையியல் எழுதிய மனிதர்!

மதகடி:

ஏட்டுச்சுவடி மேற்கோள் காட்டிய அதே பிரிவில் ஒரு கதை இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை. பௌசானியாஸ் காலத்திலேயே ஆர்ட்டெமிஸ் திருவிழாவை ஊரார் சரிவரச் செய்யாமல் விட்டார்களாம். ஒரு மரக்கட்டை போய்த் துளை வாயில் விழுந்து அடைத்துக்கொண்டது. சமவெளி ஏரியாயிற்று, 400 ஸ்டேடியா அளவுக்கு. அது 70 கிலோமீட்டருக்கு மேல். அந்தச் சமவெளியில் அவ்வளவு இடமே இல்லை, எண்ணில் ஏதோ பிழை. விடுங்கள். பிறகு ஒரு வேடன் மானைத் துரத்தி வந்தான். மான் நீரில் குதித்தது, அவனும் பின்னாலேயே. இருவரையும் துளை விழுங்கியது. ஒரே நாளில் நீர் வடிந்தது. அன்றிலிருந்து திருவிழாவைச் சிரத்தையாக நடத்துகிறார்கள் என்கிறார்.

இதை நான் தொழில்முறையில் படிக்கிறேன். ஆண்டுக்கொரு நாள் ஊர் திரண்டு துளை வாயில் சேர்ந்த கட்டை, தழை, வண்டலை அள்ளியிருக்க வேண்டும். அதற்கு ஒரு நாள் குறித்துத் தெய்வத்தின் பெயரை வைத்தால்தான் நடக்கும். திருவிழா நின்றது, அள்ளுவதும் நின்றது, அடைத்துக்கொண்டது. ஒரு நாளில் வடிந்தது என்பதும் பொய்யில்லை. அடைப்பு உடைந்தால் மேலே நிற்கும் நீரின் பாரமே வழியைச் சீய்த்துக்கொண்டு போகும்.

ரோமப் பேரரசன் ஹேட்ரியன் இங்கிருந்து கொரிந்துக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் கால்வாய் வெட்டி ஊற்று நீரைக் கொண்டுபோனான். அதனால் கோடையில் ஏரியே இல்லை, குளிர்காலத்தில்தான் சிறிதாகத் தேங்குகிறது என்ற நிலை பௌசானியாஸ் காலத்தில். நீர் குறைந்தால் துளையைப் பற்றிய கவலையும் குறையும். திருவிழாவில் அசட்டை வந்த காரணம் எனக்கு அங்கே தெரிகிறது. இன்றும் அதே கதைதான். வண்டல் ஏறி ஏரியை நாணல் மூடிவிட்டது. 2013இல் ஐரோப்பிய ஒன்றிய நிதியில் ஒரு திட்டம் போட்டுத்தான் நாணலை வெட்டினார்கள்.

ஆகவே கரைநடை, நீங்கள் வடகரையிலும் மடத்துச் சுவரிலும் தேடுகிறீர்கள். நான் என்றால் தென்கரையில், துளை வாயருகில் தேடுவேன்.

செவ்வந்தி:

மானைத் துரத்திய வேடன் ஆர்ட்டெமிசின் கதைக்குள் வராமல் எப்படி? வேட்டைத் தெய்வம் அவள்தானே. அவளுடைய மான், அவளுடைய வேடன், அவள் பலி எடுத்துக்கொண்டாள், தண்ணீரை விட்டாள். ஐயா, நீங்கள் தூர்வாருதல் என்று படித்ததை அந்த ஊர்ப் பெண்கள் பயத்தோடு படித்திருப்பார்கள். ஆனாலும் உங்கள் பக்கம் சாய்கிறேன். இரண்டும் ஒரே நாளில் நடக்கக்கூடியதே.

ஏட்டுச்சுவடி:

அழகான ஊகம். ஆனால் பௌசானியாஸ் கோயில் ஸ்டிம்ஃபாலோசில் இருக்கிறது என்கிறார். தென்கரை ஸ்டிம்ஃபாலோஸ் இல்லை. மதிலுக்கு வெளியே, ஏரிக்கு அந்தப் பக்கம்.

மதகடி:

கோயில் ஊருக்குள் இருக்கட்டும், திருவிழா தென்கரைக்குப் போகட்டும். சிலையைத் தூக்கிக்கொண்டு ஏரியைச் சுற்றி வர அந்த ஊராருக்குக் கால் இல்லையா?

ஏட்டுச்சுவடி:

கால் இருந்தது. அதைச் சொல்லும் வரி ஒன்று எனக்கு வேண்டும், ஐயா.

கரைநடை:

வரி கிடைக்கும்வரை நான் மடத்துச் சுவரை விடுவதாக இல்லை. ஓட்டைக்காசு, உங்களிடம் அந்த ஸ்டேட்டரின் தெளிவான படம் இருந்தால் ஏற்றுங்கள். ஆர்ட்டெமிசின் கழுத்தணியைக் குன்றின் மேல் கிடைத்த நகைகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.